பரோட்டா மாஸ்டரின் வலது மணிக்கட்டு

1. சிரித்துக்கொண்டே வந்தவர்

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் கைகளுக்கான பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். மணிக்கட்டு முறிந்து வருகிறவர்களில் வலியால் அழுகிறவரைக் கண்டு நான் பயந்ததில்லை. "இப்ப ஒண்ணுமில்ல மேடம், சரியாயிட்டு" என்று சிரிக்கிறவரைக் கண்டால்தான் பயம். முருகேசன் அப்படிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

சங்கரன்கோவில்காரர். இங்கே கழக்கூட்டம் பகுதியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். எண்ணெய்த் தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். முறிந்த எலும்புக்குப் பிளேட் வைத்தார்கள். மணிக்கட்டுக்குள் இரண்டு சிறு எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற லிகமென்ட்டும் அறுந்திருந்ததால், அதைத் தைத்து, கம்பி போட்டு, கம்பியை எடுத்தபின் என்னிடம் அனுப்பினார்கள். எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரியும். லிகமென்ட் தெரியாது. அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை.

"மாவைத் தொடவே கூடாது" என்றேன்.

"தொட மாட்டேன் மேடம். ஆனா ஓணத்துக்குள்ள கை வேணும். அதுவரைக்கும்தான் முதலாளி என் பரோட்டாக் கல்லுக்கு வேற மாஸ்டர் போடாம வச்சிருக்காரு."

2. வீக்கம்

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு ஒரு திங்கட்கிழமை புறங்கை வீங்கி வந்தார். மணிக்கட்டின் நடுவில் லேசாக அழுத்தினேன், துள்ளிவிட்டார்.

"உழிச்சிலுக்குப் போனீங்களா?" இந்த ஊரில் சுளுக்கென்றாலே எண்ணெய் போட்டு உழியப் போய்விடுவார்கள்.

"இல்ல மேடம்."

"மாவு பிசைஞ்சீங்களா?"

"பத்மநாபசாமி சத்தியமா தொடல."

கூட வந்திருந்த மனைவி செல்வி வாய் திறந்தார். "மாவத் தொடலதான் மேடம். காலையிலயும் சாயங்காலமும் ஈரத் துண்டைல்லா வீசுதாரு!"

பரோட்டா வீசப் பழகுகிறவர்கள் மாவை வீணாக்காமல் முதலில் நனைந்த துண்டைத்தான் வீசுவார்கள். மாவு போலவே அதுவும் கனமாகத் தொங்கும்; மணிக்கட்டைச் சுண்டித்தான் வீச வேண்டும். அறுந்து தைத்த லிகமென்ட்டுக்கு ஆகவே ஆகாதது அந்தச் சுண்டல்தான்.

"துண்டு என்ன மேடம் செய்யும்? வீச்சு கைய விட்டுப் போயிருமோன்னு பயமா இருந்துச்சு."

"பயந்தா என்கிட்டல்ல சொல்லணும்!" என்று கத்திவிட்டேன். கோபம் பாதி, பயம் பாதி.

3. மூடிய கை

உடனே ஆபரேஷன் செய்த சர்ஜனிடம் கூட்டிப்போனேன். முஷ்டியை இறுக்கி மூடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தையல் விட்டிருந்தால் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இடைவெளி விரியும். அப்புறம் இன்னொரு ஆபரேஷன். கை இருக்கும், வீச்சு இருக்காது.

முருகேசன் முஷ்டியை மூட மறுத்தார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பில்லை. "மூடினா விலகிருமோ மேடம்?"

"மூடுங்க. தெரிஞ்சுக்கிட்டா நல்லது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "பாக்கியம்! விலகல. நீர் மட்டும்தான் கட்டியிருக்கு. இனி துண்டு வீசிட்டு என்கிட்ட வரவேண்டா, கேட்டோ!" என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவர் கையில் கட்டுகிற ஸ்பிளின்ட்டின் பட்டையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஓணம் போயிற்று. அந்தக் கல்லில் வேறு மாஸ்டர் நின்றார். முருகேசன் அங்கேயே இடது கையால் சால்னா கிண்டினார். மாதங்கள் கழித்து நான் சம்மதம் சொன்ன அன்று, வீட்டிலிருந்தே துண்டை நனைத்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வீசினார். மறுநாள் வீக்கம் இல்லை. அதற்கப்புறம்தான் மாவு. இப்போது அதே ஹோட்டலில் இரண்டாவது கல் அவருடையது.

இளைய தெரபிஸ்ட்டுகளுக்கு நான் சொல்வது இதுதான்: பயத்தில் செய்வதை யாரும் வேலை என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் "வேலை செய்தீர்களா" என்று கேட்காதீர்கள். "தொழில் கையை விட்டுப் போகக்கூடாது என்று வீட்டில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் முன் நோயாளி தன்னுடன் வந்தவரை ஒரு பார்வை பார்ப்பார். நீங்களும் அங்கேதான் பார்க்க வேண்டும்.