ஹாஃபிஸா கஞ்சி போட்ட விரிப்பு

சீர்காழி கடைத்தெருவில் சலாஹுதீன் ஜவுளிக்கடையில் பெண்கள் பக்கத்தைக் கவனிப்பவள் அவர் மனைவி ஹாஃபிஸா. ஓர் இழையை உருவி, முறுக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"இது ஓப்பன் எண்டு நூலுங்க. மில்லுல வேகமா நூத்தது. லாட்ஜுக்குன்னா தாங்கும், ஒடம்புக்குச் சொரசொரன்னு இருக்கும். பச்சப்புள்ளைக்கு இதை எடுங்க. குட்டைப் பஞ்சையெல்லாம் சீவிக் கழிச்சிட்டு ரிங் மெஷின்ல நூத்தது."

அவள் சொல்லி எடுத்த துணியை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அப்படிப்பட்டவள் துணியில் தப்புச் செய்தாள் என்றால் காரணம் பொறாமைதான்.

மாமியார் ஆசியாம்மா பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அள்ளுவது, துடைப்பது, புரட்டுவது எல்லாம் ஹாஃபிஸா. நான் ஓய்வுபெற்ற நர்ஸ். வாரம் ஒருமுறை போய் முதுகைப் பார்த்துவிட்டு வருவேன். துபாயில் இருக்கும் சின்ன மருமகள் அனீஸா விடுமுறையில் வந்தபோது பளபளவென்று ஒரு விரிப்பைக் கொண்டுவந்து விரித்தாள். அவள் துபாய்க்குத் திரும்பிய பிறகும் அதே பேச்சுதான்.

"சின்னவ கொண்டாந்தது. தொட்டுப் பாருங்க, பட்டு" என்பார் ஆசியாம்மா, கோணிய வாயால், வருகிறவர்களிடமெல்லாம்.

"பட்டாம்!" என்று அடுப்படியில் பொரிவாள் ஹாஃபிஸா. "பாலியஸ்டர், சிஸ்டர். பஞ்சே கிடையாது, அறுபடாத நீள இழை. அதான் மினுக்குது. பீ அள்ளுறவ பேரு வெளியே வரல, விரிப்பு போட்டவ பேரு ஊரெல்லாம்."

சித்திரையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அந்த விரிப்பு வேர்வையைக் குடிக்கவில்லை. முதுகு ஊறிச் சிவந்துவிட்டது. பருத்தி போடச் சொன்னேன். ஹாஃபிஸாவுக்கு வந்த சந்தோஷம் சொல்ல முடியாது. கடையிலிருந்து நல்ல ரிங் நூல் விரிப்பை எடுத்துவந்து விரித்தாள்.

ஆசியாம்மா தடவிப் பார்த்தார். "என்னடி இது, மங்கலா, பழைய வேட்டியாட்டம்? சின்னவளுது எங்கே?"

மறுநாளே சாதம் வடித்த கெட்டிக் கஞ்சியில் அதை முக்கிக் காயவைத்து, இஸ்திரி போட்டு விரித்தாள் ஹாஃபிஸா. மின்னியது. "இது பரவால்ல" என்றார் மாமியார். அந்தச் சொல்லுக்காகத் துவைக்கும்போதெல்லாம் கஞ்சி போட்டாள்.

அடுத்த முறை நான் போனபோது வாலெலும்பின் மேல் தோல் உரிந்திருந்தது. விரிப்பைத் தொட்டேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

"கஞ்சி போட்டியா? நூலைப் பாத்து ஊருக்கே சொல்றவ நீ."

"தெரியும் சிஸ்டர். மாமி நல்லாருக்குன்னாங்க, அதான்…" குரல் இறங்கியது. "பெருநாளைக்கு அனீஸா வர்றா. அதுக்குள்ள ஆறிடுமா? நான் சரியாப் பாக்கலன்னு ஆயிடும்."

புண்ணைக் கழுவிக் கட்டினேன். கஞ்சி போக வெந்நீரில் அலசச் சொன்னேன். முதுகு பாரம் குறைய ஒருக்களித்துப் படுக்க வேண்டும். ஆசியாம்மா மறுத்தார், மங்கல் விரிப்பிலும் படுக்க மாட்டாராம்.

ஹாஃபிஸா கஞ்சி போக அலசிய பருத்தி விரிப்பையே விரித்தாள். பிறகு துபாய் விரிப்பை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்துச் சன்னலில் திரையாக மாட்டினாள். வெயிலுக்கு அது சாயம் போகாது, நனைந்தாலும் உடனே காய்ந்துவிடும். திரைக்கு ஏற்ற நூல்தான்.

"சின்னவளுதா? என்னை அந்தப் பக்கம் திருப்பு" என்றார் மாமியார்.

ஹாஃபிஸா மத்தியானம் அதைக் கழற்றி எதிர்ச் சன்னலில் மாட்டுவாள். "இப்ப இந்தப் பக்கம்" என்பார் அவர். புண் காய ஆரம்பித்தது.

பெருநாளில் அனீஸா வந்தபோது தழும்புதான் இருந்தது. "உன் துணியாலதான் பொழச்சேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் ஆசியாம்மா. அடுப்படியில் ஒரு சட்டி ஓங்கி வைக்கப்பட்டது.

"நான் விரிச்சதுல படுத்துக்கிட்டு அவளுதைப் பாத்துக்கிட்டுக் கெடக்குறாங்க சிஸ்டர்" என்றாள் ஹாஃபிஸா என்னிடம். சொல்லிவிட்டு, மத்தியானமாகிவிட்டதென்று, திரையைக் கழற்றப் போனாள்.