வெள்ளையடித்த கொம்புகள்

மே மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை வெர்லீன் குச்செரா தன் அப்பாவின் எருமைத் தலையைத் தேடிக் கிளம்பினாள். வண்டியை நான் ஓட்டினேன். நாடு நாடாகச் சுற்றிவிட்டு நெப்ராஸ்காவுக்குத் திரும்பியிருந்த எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வெர்லீனுக்கோ, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓட்டி முழங்கால் போயிருந்தது.

"அப்ப உன்னை நான் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போனேன்ல? இப்ப நீ என்னை ஏத்திட்டுப் போ" என்றாள்.

அவள் அப்பா லாடிஸ், ஓடைக்கரை சரிந்த ஒரு வருடம் அந்த மண்டையோட்டைத் தோண்டி எடுத்தார். எப்போதோ அழிந்துபோன காட்டெருமை. கொம்புகளின் அகலம் கதவில் நுழையாது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் வசந்தம் வந்தால் பண்ணையில் அசையாமல் நிற்கும் எதையும் வெள்ளையடித்துவிடுவோம். களஞ்சியத்துக்கு அடித்து மிஞ்சியதை வருடாவருடம் மண்டையோட்டுக்கும் பூசினார். பூச்சு தடித்து, எலும்பு எங்கே முடிகிறது, கொம்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போனது. கொம்பை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார் என்று ஊர் சிரித்தது. கோபத்தில் அதை மாவட்ட அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்த அருங்காட்சியகத்தை மூடியபோது பொருள்கள் திசைக்கொன்றாகப் போயின. லாடிஸ் இறந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

கிளம்பும் முன் காப்பிக் கடையில் பக்கத்துப் பண்ணை ஆர்லிஸ் கேட்டான்: "என்ன வெர்லீன், பசை காஞ்சிடுச்சான்னு பாக்கப் போறியா?"

"எங்கப்பா பொய்யர் இல்லன்னு உன் வாயாலயே சொல்ல வைக்கிறேன், பாரு."

எங்கள் சிற்றூர் அருங்காட்சியகங்கள் பூட்டித்தான் இருக்கும். கதவில் எழுதியிருக்கும் எண்ணைக் கூப்பிட்டால், சாவிக்காரர் டிராக்டரை வயலிலேயே விட்டுவிட்டு வருவார். முதலில் தன் குடும்பம் கொடுத்த பொருளைக் காட்டுவார். அதைப் பார்த்துப் பாராட்டிய பிறகுதான் நம் காரியம். கல்யாண கவுன்களையும் பல் பிடுங்கும் நாற்காலிகளையும் பாராட்டியே வாரம் போனது. ஓர் ஊரில் இரண்டு தலைக் கன்றுக்குட்டி.

"ஒரு தலை ஒட்டினதா?" என்று வெர்லீன் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"எங்க சித்தப்பா வீட்டுக் கன்னும்மா அது!"

"கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கும் இதே வலிதான்."

மேற்குக் கோடியில் ஒரு பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். வாசலிலேயே பழுப்பு நிறத்தில் ஒரு பிரம்மாண்டக் காட்டெருமைத் தலை. வெர்லீன் அதைத் தாண்டிப் போய், "வெள்ளையா ஒரு மண்டையோடு இருக்கா?" என்று காப்பாளர் இங்கிரிட்டிடம் கேட்டாள்.

"வெள்ளையா? நான் மாணவியா இருந்தப்ப ஒண்ணு வந்துச்சு. குளிர்காலம் பூரா பெயின்ட் சுரண்டினேன், அடிச்சவனைத் திட்டிக்கிட்டே."

"அவன் இவன்னு பேசாதீங்க. அது எங்கப்பா."

இங்கிரிட் முகம் சிவந்து, எங்களை வாசலில் இருந்த பழுப்புத் தலைக்கே திருப்பி அழைத்துப்போனாள். மூக்குத் துளைக்குள் டார்ச் அடித்தாள். உள்ளே, கத்தி எட்டாத இடத்தில், வெள்ளைப் பூச்சு.

"சுரண்டினீங்களே, எங்கயாவது ஒட்டு இருந்துச்சா?" வெர்லீனின் குரல் இறங்கியிருந்தது.

"ஒட்டா? மண்டையும் கொம்பும் ஒரே எலும்பும்மா. தடவிப் பாருங்க."

வெர்லீன் நெற்றியிலிருந்து கொம்பின் நுனிவரை நிதானமாகத் தடவினாள். பிறகு, கண்டெடுத்த இடம் தெரியவில்லை என்றிருந்த பலகையைக் காட்டினாள்.

"இதை மாத்துங்க. லாடிஸ் குச்செரா, அவர் பண்ணை ஓடை. நீங்க வந்தா இடத்தைக் காட்டறேன்."

"வீட்டுக்குக் கேட்டு வாங்கலையா?" என்றேன் வண்டியில்.

"எதுக்கு? வேணுங்கறவங்க வந்து பாக்கட்டும்."

ஊர் திரும்பிச் சொன்னபோதும் ஆர்லிஸ் தலையை ஆட்டிச் சிரித்தான். வெர்லீன் காப்பியைக் குடித்து முடித்தாள்.

அடுத்த ஆண்டு சோள அறுவடையும் முடிந்த பிறகு, ஒரு மதியம் அவள் கைப்பேசிக்கு ஆர்லிஸின் குரல் வந்தது:

"வெர்லீன், நான் மேற்கே வந்திருக்கேன். அந்தத் தலையைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டேன், ஒட்டு இல்ல. உங்கப்பா பொய் சொல்லல. பலகைல அவர் பேரைப் படிச்சிட்டிருந்த ஒருத்தர்கிட்ட, 'எங்க ஊர்க்காரர்தான்'னு நானே போய்ச் சொன்னேன்."