சபியா மாமி மறைக்காத ஒன்பது நாள்

பஸ் சீனன்குடாவைத் தாண்டும்போது வாப்பா மரணச் செய்தியோடு தொலைபேசியில் அழைத்தார். "சபியா மாமி மௌத்தாகிட்டா மகள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான்" என்றார். மூதூரில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. பிட்டும் பொரித்த மீனும் விற்று ஒரே மகனை வளர்த்த கைம்பெண் என்று உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எனக்குத் தெரிந்த விதம் வேறு.

நானும் அவருடைய மகன் நஸாரும் ஒருவரையொருவர் விரும்பினோம். வாப்பாவுக்கும் சம்மதம். நாள் குறிக்க மௌலவி வந்து கதிரையில் உட்கார்ந்தார். மாமி மட்டும் உட்காரவில்லை.

"இந்தக் கலியாணம் ஏலாது" என்றார். "இவள் என்ட பால் குடிச்ச புள்ள."

போர்க் காலத்தில் ஊரே கிண்ணியாவுக்கு ஓடியபோது நான் பிறந்து ஒரு மாதம். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். உம்மா காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன வாப்பா நகரத்தில் அகப்பட்டுக்கொண்டார். முந்திய வாரம்தான் மாமி தன் கைக்குழந்தையை, ஒரு மகளை, வழியில் பறிகொடுத்திருந்தார். அந்தப் பாலைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார். உம்மாவும் என் சிறுவயதிலேயே இறந்துவிட்டதால் இது வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு தாயிடம் பால் குடித்த குழந்தை மார்க்கத்தில் அவர் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு. அவர்களுக்குள் திருமணம் இல்லை. மௌலவி இளகிய மனிதர். "அஞ்சு தடவைக்குக் குறைவெண்டா அந்த உறவு வராது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சரியா ஞாபகம் இல்லையெண்டாலும் சொல்லுங்க" என்றார்.

நஸார் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இரிக்கி மௌலவி. ஒன்பது நாள். இரவும் பகலும் கொடுத்தனான்."

அடுத்த மாதமே நஸார் கட்டாருக்குப் போனார். இரண்டு வருடம் தாயோடு பேசவில்லை. நானோ மாமி அதைச் சொன்ன அன்றிலிருந்து சாப்பிடவேயில்லை. மூன்றாம் நாள் மாமி எங்கள் குசினிக்குள் வந்து, சோறு பிசைந்து நீட்டினார். "என்னோட கோவமா இரு புள்ள. சாப்பிட்டுட்டுக் கோவமா இரு." சாப்பிட்டேன். அழுதது அவர்தான்.

எனக்கு வேறிடத்தில் திருமணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகு ஒருநாள், "முந்தியே சொல்லியிருக்கலாமே மாமி" என்றேன்.

"சொன்னா அந்த மகளையும் சொல்லோணும். எனக்கு ஏலாமப் போச்சு. அது என்ட பிழைதான்" என்றார். பிறகு வேறு கதைக்குப் போய்விட்டார்.

ஜனாஸாவைக் குளிப்பாட்ட வந்த பெண், "மகள்மார் ஆரும் இரிக்கீங்களா?" என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் இல்லையென்று தலையசைத்தார்கள். "நான் இரிக்கிறன்" என்று முன்னே போனேன். மாமி உயிரோடு இருந்தவரை அவரை ஒரு தடவைகூட உம்மா என்று அழைத்ததில்லை. தண்ணீரை ஊற்றும்போதுதான் அழைத்தேன்.

விமானம் கிடைக்காத நஸார் அடக்கம் முடிந்தபின் அழைத்தார். இத்தனை வருடத்தில் நாங்கள் பேசியதே இல்லை.

"உம்மாவைக் குளிப்பாட்டினது ஆரு?"

"நான்தான், நானா."

அண்ணன் என்று அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை; சொன்னதும் அழுதுவிட்டேன். "அழாத தங்கச்சி" என்றார்.

சபியா உம்மா எனக்கென்று விட்டுப்போனது இந்த நானாவை. வேண்டாமென்று அழுது பெற்ற உறவு. அவர் தந்ததில் இனி அதுதான் என்னிடம் இருக்கிறது.