முழுக்கைச் சட்டை

உருத்திரபுரத்தில் எங்களுக்குக் காணி கிடைத்துக் குடிவந்த அடுத்த மாரியில் என் மனைவி நெருப்புக்காய்ச்சலில் விழுந்தாள். பிழைக்கமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எப்படியோ எழும்பிவிட்டாள். அதற்கு முன் நல்ல சதைப்பிடிப்பான ஆள். எழும்பியபோது முகமும் இடுப்பும் வற்றிப் போயிருந்தன. புயத்துத் தோலுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நெல்லுப் புடைக்கும்போது சுளகு ஒரு பக்கம் ஆடும், புயம் ஒரு பக்கம் தொங்கி ஆடும்.

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. செத்துப் போகவிருந்தவள் குசினியில் அடுப்படியில் நின்று என்னை ஏசிக்கொண்டிருந்தாளே, அது போதும். ஆனால் களத்தில் நின்ற பெண்கள் சிலர் அவள் புடைப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மணிக்கட்டு வரை கைவைத்த சட்டைதான். வன்னி வெயிலில் மற்றவர்கள் சின்னக்கைச் சட்டையோடேயே வெந்துகொண்டிருக்க, இவள் முழுக்கைக்குள் வேர்க்குருவை வளர்த்தாள். புதிதாகக் குடிவந்த மனுசி ஒருத்தி இவளை வேதக்காரப் பள்ளிக்கூடத்து ரீச்சர் என்று நம்பி, பிள்ளையைச் சேர்க்க வழி கேட்டு வந்தாள். நான் சிரித்தேன். இவள் அன்று எனக்குச் சோறு போடவில்லை.

சந்திக் கடைக்கு அப்போது இந்தியச் சஞ்சிகைகள் வரும். அவற்றில் ஒன்றில், வெளிநாட்டு நடிகை ஒருத்தி புயத்துச் சதையை வெட்டி எடுப்பித்தாள் என்று ஒரு துணுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு இவள் என்னிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ, இந்த ஒப்பரேசனை யாழ்ப்பாணத்திலை செய்யினமோ?"

"ஆட்டிறைச்சியே, வெட்டித் தாறதுக்கு?"

"பகிடி விடாதேங்கோ. எனக்கும் சின்னக்கைச் சட்டை போட்டுக்கொண்டு களத்திலை நிக்க ஆசை. அவ்வளவுதான்."

அவள் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடினாள். அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. ஆனால் எனக்கு உள்ளூரப் பெரிய பயம். மயக்க மருந்து கொடுத்து, பிறகு எழும்பாமலே போனவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். அவ்வளவு பாடுபட்டு மீட்டவளைப் புயத்துக்காகப் பறிகொடுப்பதா? இதை எனக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். மாட்டை ஏசினேன், வாய்க்காலை ஏசினேன், மண்வெட்டியைத் தூக்கி எறிந்தேன். தன்னை யாழ்ப்பாணம் கூட்டிப்போக அலுப்பில் பஞ்சிப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விதைப்பு முடிந்த கையோடு பஸ் ஏறினோம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்க்கப் போன டொக்டர் வெளிநாட்டில் படித்து வந்த சத்திர வைத்தியர். விசயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு எங்களைத் திருப்பி அனுப்புவார் என்றுதான் நம்பியிருந்தேன். அந்த மனிதர் சிரிக்கவே இல்லை. சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார், சதையை இரு விரலால் பிடித்துப் பார்த்தார், காய்ச்சலைப் பற்றி விசாரித்தார்.

"செய்யலாம்" என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

"ஆனால் ஒண்டு, அம்மா. கமக்கட்டிலையிருந்து முழங்கை வரைக்கும் வெட்டின தழும்பு கிடக்கும். அது மாறாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதை ஆருக்கும் தெரியாமல் மறைக்க ஏலாதோ டொக்டர்?"

"முழுக்கைச் சட்டை போட்டியள் எண்டால் தெரியாது."

அவள் சுருட்டிவிட்ட தன் சட்டைக் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்தவள் சிரிக்கத் தொடங்கினாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. டொக்டர் ஒன்றும் விளங்காமல் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதைப் போட்டுக்கொண்டுதானே டொக்டர் வந்தனான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் கத்தரிக்கோலை எடுத்தாள். அலுமாரியில் இருந்த சட்டைகளின் கைகளையெல்லாம் வெட்டித் தள்ளினாள். வெயில் காணாத புயம் இரண்டும் அவித்து உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளிறிக் கிடந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்தக் கோலத்திலேயே பிள்ளையார் கோயிலுக்கு வந்தாள். களத்தில் சிரித்த பெண்களும் அங்கே நின்றார்கள். அவள் அவர்களுக்கு முன்னால் போய் நின்று, கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். எல்லாம் ஆடியது. ஆடட்டும் என்று நின்றாள். என் நெஞ்சு நிறைந்து போயிற்று.

அவள் கும்பிட்டு முடித்து வரும்போது நான் வாசலில் தேங்காய் அடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன நேர்த்தி?" என்று கேட்டாள்.

"ஒப்பரேசன் நடக்கக்கூடாது எண்டு வைச்சது."

அவள் முகம் மாறியது. "ஏன்?"

"மயக்கத்திலை நீர் எழும்பாமல் போயிடுவீர் எண்டு பயம். அதோடை, இந்தப் புயம் எனக்கு வடிவாத்தான் தெரியுது எண்டும் பிள்ளையாரிட்டைச் சொன்னனான்."

அவள் குனிந்து, சிதறிக் கிடந்த தேங்காய்ச் சொட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"அதைப் பிள்ளையாருக்கு ஏன் சொன்னனீங்கள்? எனக்கெல்லோ சொல்லியிருக்கவேணும்."

சொன்னேன். கோயில் வாசலிலேயே, சனம் பார்க்கப் பார்க்கச் சொன்னேன்.