டோக்கன் அக்காவின் கல்லூரி விசாரணை

"எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்ட அதே மூச்சில், "நீங்க இன்ஜினியரிங்கா? எங்க படிச்சீங்க?" என்றும் கேட்டுவிடுகிறார் டோக்கன் அக்கா. வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர் திகைக்கிறார். பல்லுக்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. கல்லூரியின் பெயரைச் சொல்லிவிடுகிறார். "ஹாஸ்டல் சாப்பாடு வாயில வைக்கிற மாதிரி இருக்குமா?" என்று அடுத்த கேள்வி வந்து விழுகிறது.

பெயிண்ட் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அந்தப் பல் மருத்துவமனை. உள்ளே கிராம்புத் தைல வாசனை. கீழேயிருந்து டர்பன்டைன் வாசனையும் படியேறி வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். வருகிறவர்களுக்கு எண் அட்டை கொடுப்பது, நடுங்குகிறவர்களைத் தேற்றுவது, இயந்திரச் சத்தம் கேட்டு நழுவப் பார்க்கிறவர்களைப் படியிலேயே மடக்கிப் பிடிப்பது எல்லாம் அக்காவின் பொறுப்பு. தாத்தாக்களுக்கும் அவர் அக்காதான், அவர்களுடைய பேரன்களுக்கும் அக்காதான். டாக்டரம்மாவும் வயதில் இளையவர் என்பதால் அப்படியே கூப்பிடுகிறார்.

அக்காவின் ஒரே மகள் பள்ளி முடித்துவிட்டாள். பொறியியல் படிக்க இரண்டு இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். மற்றதற்கு ஓர் இரவும் ஒரு பகலும் ரயிலில் போக வேண்டும். இரண்டுக்கும் நீளநீளமான பெயர்கள். அக்கா அவற்றைப் பாலத்துக் காலேஜ், ரயில் காலேஜ் என்று சுருக்கிவிட்டார். மகளுக்கு ரயில் காலேஜ் மேல்தான் கண். கட்டடத்தின் சிறிய மாதிரியைச் செய்து, மேடையில் நிறுத்தி, பூகம்பம் வந்தால் எப்படி ஆடுமோ அப்படி ஆட்டிப் பார்க்கிற பெரிய கூடம் அங்கே இருக்கிறதாம். "வீட்டுல தண்ணி டிரம்மை நகர்த்தச் சொன்னா நகர்த்த மாட்டா. அங்க போய் கட்டடத்தை ஆட்டப் போறாளாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார் அக்கா. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கிற நாள் குறைவு. போனில் கேட்டதற்கு, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று நைசாகக் கழன்றுகொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் எந்த இடம் என்று உறுதி செய்தாக வேண்டும். மகளைப் பிரிந்திருக்க அக்காவுக்கு மனமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் மனமில்லை. "நான் என்ன வேணாம்னா சொல்றேன்? நாலு பேரை விசாரிக்க வேணாமா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

பல்வலிக்காரன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். ஊசி போட்டபின் வாய் மரத்துப்போகும்வரை காத்திருக்கச் சொல்லி வெளியே அனுப்புவார்கள் அல்லவா, அந்த நேரம்தான் அக்காவுக்குத் தோது. நாக்கு புரளாதவர்கள் தலையை ஆட்டினால் போதும். "வாத்தியாருங்க ஒழுங்கா வருவாங்களா? ஆமாவா, இல்லையா? சும்மா கண்ணைச் சிமிட்டுங்க." பதிலோடு நிற்காமல் பல்லையும் பார்த்து மதிப்பெண் போடுவார். நாலு சொத்தையோடு வந்த இளைஞன் படித்த இடம் அன்றே தள்ளுபடி. "பல்லு தேய்க்கக்கூட நேரம் விடல பாருங்க." பரீட்சைக் காலத்தில் தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தேய்த்துக்கொண்ட பெண்ணின் கல்லூரிக்கும் அதே கதி. பாலத்துக் காலேஜில் படித்தவர்கள் மட்டும் என்னவோ எல்லாத் தேர்விலும் தேறிவிட்டார்கள்.

புதன்கிழமை சாப்பிடும்போது அக்கா தீர்ப்பு வாசித்தார். "நானா எதுவும் சொல்லலம்மா. ஊரே சொல்லுது. பாலத்துக் காலேஜுதான் பெஸ்ட்டாம்."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ரயில் காலேஜ்ல படிச்சவங்க எத்தனை பேர்கிட்டம்மா கேட்ட?"

"ஒருத்தரும் வரலையே. அவங்களுக்கெல்லாம் பல்லு நல்லா இருக்கும் போல."

"அவங்க இந்த ஊர்லயே இல்லம்மா. உன்கிட்ட வாயைத் திறக்கிறவங்க எல்லாரும் இங்கயே படிச்சு இங்கயே இருக்கிறவங்க. அவங்க வேற என்ன சொல்வாங்க?"

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. இவ்வளவு நாள் கேட்ட கேள்வியெல்லாம் ஒரே சொல்லில் அடிபட்டுப் போனதில் அவருக்கு வருத்தமில்லை. வேறொன்று உறைத்தது. "அப்போ போனவங்க யாரும் திரும்பி வரலைன்னு நீயே சொல்ற" என்றார். மகள் சாம்பார்க் கரண்டியை எடுப்பதா வைப்பதா என்று தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. வலது பக்கமா, இடது பக்கமா என்பதோடு சரி. கூட்டம் குறைந்ததும் டாக்டரம்மாவே கையுறையைக் கழற்றாமல் வெளியே வந்து, "என்னக்கா, இன்னைக்கு விசாரணைக் கமிஷனுக்கு லீவா?" என்றார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. டாக்டரம்மாவின் தாயார், வெகுதூரத்து ஊரிலிருந்து. படிக்க வந்த மகள் இங்கேயே தங்கிவிட்டதால் தினமும் கூப்பிடுவார். மகள் கையுறையோடு இருந்தால் அக்காதான் பேசுவார். அன்றும் வழக்கம்போல, "சாப்பிட்டாங்கம்மா. நல்லாத்தான் இருக்காங்க. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"டாக்டர், உங்கம்மா எப்படி உங்களை விட்டாங்க?"

"எங்க விட்டாங்க? ஸ்டேஷன்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் நின்னாங்க. வண்டி நகர்ந்ததும் ஓடி வந்து ஜன்னல் வழியா ஒரு போர்வையத் திணிச்சாங்க. நல்ல கோடைக்காலம் வேற."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணையும் மூக்கையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில், தலைவாரிக்கொண்டிருந்த மகளின் பின்னால் போய் நின்று, "ரயில் காலேஜையே போட்டுரு. அங்கயும் யாராவது ஒரு அக்கா இருப்பா" என்றார். மகள் சீப்போடு திரும்புவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை மகளைக் கையோடு இழுத்துவந்து சிகிச்சை நாற்காலியில் உட்கார வைத்தார். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாம் பார்த்தார். "முத்து மாதிரி இருக்குக்கா. ஒரு சொத்தைகூட இல்ல. தாராளமா அனுப்பலாம்."

"கடைசிப் பல்லு? அங்க போனதும் முளைச்சு வலிச்சா?"

"அதுக்கும் இடம் நல்லாவே இருக்கு."

"சரியாப் பாத்தீங்களா? இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்ற அக்கா, தலைக்குமேல் இருந்த விளக்கைத் தானே இழுத்து, மகளின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.