மலை இறக்கத்தில் நரகம்

பேருந்து முதல் வளைவில் சாய்ந்ததுமே லிசாண்ட்ரோ கூமெஸ் ஓட்டுநரின் முதுகுப் பக்கம் எழுந்து நின்று நரகத்தைத் திறந்துவிடுகிறார். "அங்க தண்ணி கிடையாது, நிழல் கிடையாது! மனந்திரும்புங்க!" மலைமேல் இருக்கும் சோலோலாவிலிருந்து ஏரிக்கரைப் பனஹசெல்லுக்கு இறங்கும் இந்தப் பாதையில் எந்த வளைவில் எதைச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. பள்ளம் வாயைப் பிளக்கும் இடத்தில் கந்தக அக்கினி. பாதை சமமாகும் இடத்தில் இரட்சிப்பு.

"அண்ணே, பிரேக் இப்பதான் மாத்தியிருக்கோம். ஜனங்களக் கலவரப்படுத்தாதீங்க," என்பான் நடத்துநர் செலெஸ்தீனோ. தினமும் இதில் போகும் எங்களில் பாதிப் பேர் தூங்குவதுபோல் பாவனை செய்வோம். நான் அதில் கைதேர்ந்தவன்.

காலையில் எத்தனையோ வண்டிகள் இறங்குகின்றன. அவர் ஏறுவது இதில் மட்டும்தான், ஏனென்றால் வெண்ணெய்ப்பழம் விற்கப் போகும் ஃபெர்மினா இதில்தான் வருகிறாள். அவருடைய மனைவி. அவர் குடியை விட்டு, சிலை வணங்காத சபையில் சேர்ந்து, வீட்டிலிருந்த புனிதர் சிலையைத் தெருவில் வீசியபோது அதைப் பொறுக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவள். "குடிச்சப்ப ராத்திரி மட்டுந்தான் கத்துவாரு. இப்ப விடிஞ்சதுலேர்ந்து கத்துறாரு," என்று வண்டிக்கே கேட்கும்படி சொல்வாள். அவர் காது சிவக்கும், குரல் இறங்காது.

ஒருநாள் காப்பிக் கடையில் அவரிடமே கேட்டுவிட்டேன்: "அவங்கள அவங்க போக்குல விட்டுடலாமே அண்ணே?"

காப்பியை ஊதிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "எங்கம்மா, தம்பி, கூடக் குடிச்சவனுங்க, எல்லாரும் மனந்திரும்பாமலே போய்ட்டாங்க. இவளும் அங்க போய்ட்டா, மேல எனக்குத் தெரிஞ்ச முகம்னு யாரு இருக்கா, சொல்லுங்க?"

எனக்குப் பாவமாக இருந்தது.

நேற்று அவருக்குக் காய்ச்சல். அக்கினி வளைவிலேயே குரல் கம்மி, கால் தள்ளாடியது. ஃபெர்மினா பக்கத்து இருக்கையில் வைத்திருந்த கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "வந்து உக்காருங்க. நரகம் எங்கயும் ஓடிடாது."

தூங்கியவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டோம். அவர் அந்த இருக்கையையே பார்த்தார்.

"மனந்திரும்புறேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. உக்காருறேன்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லிசாண்ட்ரோ தன் வேதப்புத்தகத்தை அவள் பக்கத்துக் காலி இருக்கையில் வைத்தார். மீதி வளைவுகள் முழுக்க, ஒன்றும் பேசாமல், கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார்.