ஓடையில் தோடு எடுத்தவர்

குரங்கணிக்கு மேலே, ஏலக்காய் பறித்த கறையை நாங்கள் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவும் ஓடையில்தான் அவரைப் பார்த்தேன். அரைக்கால் சட்டை, காதில் பெரிய ஹெட்போன், கையில் தங்கம் இருந்தால் கத்தும் கம்பு. எது கிடைத்தாலும் பல்லால் கடித்துப் பார்ப்பார். அன்று அவர் கடித்தது, முதல்நாள் முகம் கழுவும்போது நான் தொலைத்த தோடு.

"அது ஏந் தோடு அப்பு. திருகு நிக்கணும்னு தண்டுல செவப்பு நூல் சுத்தியிருக்கேன், பாரு."

நூல் இருந்தது. பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓடையில கெடந்தா எடுத்தவனுக்குத்தான், ஆத்தா."

நான் கெஞ்சவில்லை. எனக்கு அது பழக்கமில்லை. சாயங்காலம் மழை பிடித்தது. போடிக்கு இறங்க எங்கள் ஜீப்பு ஒன்றுதான் இருந்தது. அதில் யார் ஏறலாம் என்று சொல்வது, பறிக்கிற பெண்களில் மூத்தவளான நான். கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆத்தா, ஒரு ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

"தோட்டக் குடு மொதல்ல."

கொடுத்தார். முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் ஏறுவதற்குக் கம்பியைப் பிடிக்க வந்தார்.

"வெரசா எடுப்பா வண்டிய," என்றேன் டிரைவரிடம்.

பெண்கள் சிரித்தார்கள். திட்டுவார் என்று திரும்பிப் பார்த்தேன். மனுஷர் மழையில் சும்மா நின்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என் ஆத்திரம் அன்றே தீர்ந்திருக்கும்.